ஆக்சிஜன் தீருமுன்பே மூச்சைக் குறைக்கும் செல்

"ஆக்சிஜன் கிடைக்காததால் புற்றுநோய்ச் செல் குளுக்கோஸை லாக்டேட்டாக்கிப் பிழைக்கிறது." பாடப்புத்தகத்திலும் கருத்தரங்கச் சிலைடுகளிலும் இந்த வரி திரும்பத் திரும்ப வருகிறது. இதில் பாதி சரி. செல் குளுக்கோஸை லாக்டேட்டாக்குவது உண்மை. மைட்டோகாண்ட்ரியாவுக்கு ஆக்சிஜன் எட்டாமல் போனதுதான் அதற்குக் காரணம் என்பது பெரும்பாலான நேரம் சரியில்லை. இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் ஹைப்பாக்சியா (ஆக்சிஜன் குறைந்த நிலை) பற்றிய கட்டுரைகளைப் படிப்பது எளிதாகும். ஆய்வகத்தில் ஒரே சோதனை ஒவ்வொரு வாரமும் ஒவ்வொரு மாதிரி வருவதற்கான காரணமும் பிடிபடும்.

இரண்டு எண்களிலிருந்து தொடங்கலாம். மைட்டோகாண்ட்ரியாவில் ஆக்சிஜனை நேரடியாகப் பயன்படுத்தும் நொதி சைட்டோகுரோம் சி ஆக்சிடேஸ். அது பாதி வேகத்தில் ஓட 1 மைக்ரோமோலாருக்கும் குறைவான ஆக்சிஜன் போதும். ஆய்வகத்தில் வழக்கமாக வைக்கும் '1% ஆக்சிஜன்' நிலையில், 37 டிகிரியில், வளர்ப்பு ஊடகத்தில் சுமார் 10 மைக்ரோமோலார் ஆக்சிஜன் கரைந்திருக்கும். அது உண்மையிலேயே செல்லைச் சென்றடைந்தால் மைட்டோகாண்ட்ரியாவுக்கு ஒரு குறையும் இல்லை. இரண்டாவது எண், ஆக்சிஜனை அளந்து பார்க்கும் புரோலைல் ஹைட்ராக்சிலேஸ் நொதிகளுடையது. அவை பாதி வேகத்தை எட்ட ஏறத்தாழ 100 முதல் 250 மைக்ரோமோலார் ஆக்சிஜன் வேண்டும். காற்றோடு சமநிலையில் இருக்கும் ஊடகத்திலேயே 200 மைக்ரோமோலார் அளவுதான் இருக்கிறது என்பதால், உடம்புக்குள் இந்த நொதிகள் எப்போதும் அரைவயிறாகவே வேலை செய்கின்றன. ஆக்சிஜன் சற்றுக் குறைந்தாலும் அவற்றின் வேகம் அதே விகிதத்தில் குறையும். அளவுகருவிக்கு வேண்டிய குணம் இதுதான்.

ஏரி வற்றிப்போகும்வரை எந்த மடைக்காரரும் காத்திருப்பதில்லை. நீர்மட்டக் கல்லைப் பார்த்து முன்கூட்டியே மதகை இறக்குவார். செல் செய்வதும் அதுதான்: நீர்மட்டக் கல் ஹைட்ராக்சிலேஸ், மதகு மைட்டோகாண்ட்ரியாவின் வாசலில் இருக்கிறது.

கட்டிக்குள் எவ்வளவு ஆக்சிஜன்?

1955-ல் தாம்லின்சனும் கிரேயும் மனித நுரையீரல் கட்டிகளின் சீவல்களை நுண்ணோக்கியில் வைத்து அளந்தார்கள். கட்டிச் செல்கள் கயிறு கயிறாகத் திரண்டிருந்தன. இரத்தக் குழாய்கள் கயிற்றுக்கு வெளியே ஓடின. ஆரம் 160 மைக்ரானுக்குக் கீழே இருந்த கயிறுகளின் நடுவில் செத்த திசு இல்லை. 200 மைக்ரானைத் தாண்டிய எல்லாவற்றிலும் நடுப்பகுதி செத்துக் கிடந்தது. ஆக்சிஜன் பரவும் வேகத்தையும் செல்கள் அதைச் செலவழிக்கும் வேகத்தையும் வைத்துக் கணக்கிட்டாலும் இதே தூரம்தான் வருகிறது. குழாயிலிருந்து பத்துப் பன்னிரண்டு செல் வரிசை தாண்டினால் ஆக்சிஜன் முடிந்துவிடும். அதற்குச் சற்று முந்தைய வரிசைகளில் உயிரோடு, ஆனால் ஹைப்பாக்சியாவில் இருக்கும் செல்கள் வாழ்கின்றன.

பின்னால் ஜெர்மனியில் பீட்டர் ஃபாவ்பெல் குழுவினர் நோயாளிகளின் கட்டிக்குள்ளேயே ஊசி மின்முனையைச் செலுத்தி அளந்தார்கள். நலமான கருப்பை வாயில் ஆக்சிஜன் அழுத்தத்தின் இடைநிலை மதிப்பு 42 மி.மீ. பாதரசம்; கருப்பை வாய்ப் புற்றில் 10 மி.மீ. அளவில்தான் இருந்தது. செல் வளர்க்கும் இன்குபேட்டர் பெட்டியின் கணக்கில் 10 மி.மீ. என்பது சுமார் 1.3%.

தூரத்தால் வருவது நாள்பட்ட ஹைப்பாக்சியா. இன்னொரு வகையும் உண்டு. கட்டியின் குழாய்கள் கோணல்மாணலாக, கசிவோடு இருப்பதால் இரத்த ஓட்டம் சில நிமிடங்கள் நின்று மீண்டும் தொடங்கும். குழாயை ஒட்டியே இருக்கும் செல்லும் அப்போது திணறும். இந்த விட்டுவிட்டு வரும் ஹைப்பாக்சியாவை 1% இன்குபேட்டரில் 24 மணி நேரம் வைப்பதால் நகலெடுக்க முடியாது.

அளவுகருவி எப்படி வேலை செய்கிறது

ஹிஃப்-1 ஆல்ஃபா என்ற புரதத்தைச் செல் ஓயாமல் தயாரித்து, ஓயாமல் அழித்துக்கொண்டே இருக்கிறது. புரோலைல் ஹைட்ராக்சிலேஸ் அந்தப் புரதத்தின் 402, 564 ஆம் இடங்களில் இருக்கும் புரோலின்களில் ஆக்சிஜன் அணு ஒன்றைச் சேர்க்கும். அந்த அடையாளத்தைப் பார்த்ததும் வி.எச்.எல். புரதம் வந்து ஒட்டி, புரதங்களை அரைத்து அழிக்கும் புரோட்டியசோமுக்கு அனுப்பிவிடும். ஆக்சிஜன் இருக்கும்போது ஹிஃப்-1 ஆல்ஃபாவின் அரை ஆயுள் சுமார் 5 நிமிடம். ஆக்சிஜன் குறைந்தால் அடையாளம் விழாது. புரதம் சேர்ந்து, செல்லின் உட்கருவுக்குள் போய், நூற்றுக்கணக்கான மரபணுக்களை முடுக்கிவிடும். தயாரித்துத் தயாரித்து அழிப்பது வீண் செலவாகத் தெரியலாம். புதிதாக மரபணுவிலிருந்து தொடங்கிப் புரதம் செய்ய மணிக்கணக்காகும். அழிப்பதை நிறுத்தினால் நிமிடங்களில் வேலை முடியும். அவசரத்துக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை.

1992-ல் கிரெக் செமென்சா, வாங் இருவரும் இரத்தச் சிவப்பணுக்களைப் பெருக்கும் எரித்ரோபொயட்டின் ஹார்மோனின் மரபணுவைத் துருவும்போது ஹிஃப்-1-ஐக் கண்டார்கள். 2001-ல் புரோலின் அடையாளம் தெரியவந்தது. செமென்சா, பீட்டர் ராட்கிளிஃப், வில்லியம் கேலின் மூவரும் 2019-ல் மருத்துவ நோபல் பெற்றார்கள்.

இந்த நொதிக்கு ஆக்சிஜன் மட்டும் போதாது. இரும்பு வேண்டும், ஆல்ஃபா கீட்டோகுளூட்டரேட் வேண்டும். வைட்டமின் சி இரும்பைச் சரியான நிலையில் வைத்திருக்கும். ஆகவே வேதிமாற்றத்தில் ஏற்படும் கோளாறே ஹைப்பாக்சியா வேடம் போட முடியும். சக்சினேட் டிஹைட்ரோஜினேஸ், ஃபியூமரேஸ் மரபணுக்கள் கெட்ட கட்டிகளில் சக்சினேட்டும் ஃபியூமரேட்டும் குவிந்து இந்த நொதியை அடைத்துவிடும். வி.எச்.எல். கெட்ட சிறுநீரகப் புற்றில் அடையாளம் விழுந்தாலும் அதைப் படிக்க ஆளில்லை. சுற்றிலும் ஆக்சிஜன் நிறைந்திருக்க, அது இல்லாததுபோல் செல் வாழும்.

மதகை இறக்குவது எப்படி

ஹிஃப்-1 முடுக்கும் மரபணுக்களைத் தனித்தனியாக மனப்பாடம் செய்வதைவிட ஒரு குளுக்கோஸ் மூலக்கூறின் பின்னால் நடந்து போவது நல்லது. செல் சவ்வில் குளூட்-1 கடத்திகள் கூடுகின்றன; குளுக்கோஸ் அதிகமாக உள்ளே வருகிறது. ஹெக்சோகைனேஸ்-2 அதில் பாஸ்பேட்டைக் கட்டி வெளியே போகாமல் பிடித்துவைக்கிறது. குளுக்கோஸைப் பைருவேட்டாக உடைக்கும் கிளைகோலிசிஸ் பாதையின் மற்ற நொதிகளும் பெருகி, பைருவேட் வேகமாகக் குவிகிறது. இங்கே பாதை பிரியும். பைருவேட் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போய் அசிட்டைல் கோஏ ஆக வேண்டுமானால் பைருவேட் டிஹைட்ரோஜினேஸ் என்ற வாசலைக் கடக்க வேண்டும். ஹிஃப்-1 பிடிகே-1 என்ற நொதியைப் பெருக்க, அது அந்த வாசல் நொதியின் 293 ஆம் இடத்து செரினில் பாஸ்பேட்டைப் பூட்டி மூடிவிடுகிறது. 2006-ல் வந்த இரண்டு ஆய்வுகள் இதைக் காட்டின. இத்துறையில் திருப்புமுனையாக ஒன்றைச் சொல்லச் சொன்னால் அந்த ஆண்டைத்தான் சொல்ல வேண்டும்: மூச்சு குறைவதற்குக் காரணம் பூட்டு என்று தெரிந்தது அப்போதுதான்.

வாசல் மூடியதால் தேங்கும் பைருவேட்டை லாக்டேட் டிஹைட்ரோஜினேஸ்-ஏ லாக்டேட்டாக்குகிறது. இதன் பயன் லாக்டேட் இல்லை. எலக்ட்ரானைச் சுமந்த என்ஏடிஎச், அதை இறக்கிவிட்டு மீண்டும் என்ஏடி ஆவதுதான். என்ஏடி தீர்ந்தால் கிளைகோலிசிஸ் நடுவழியில் நின்றுவிடும். ஒரு குளுக்கோஸுக்கு, செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி இரண்டு மட்டுமே கிடைக்கும். முழுதாக எரித்தால் 30-க்கும் மேல் கிடைத்திருக்கும். அந்த நட்டத்தை வேகத்தால் ஈடுகட்டுகிறது செல்.

லாக்டேட்டும் புரோட்டானும் எம்சிடி-4 என்ற கடத்தி வழியாக வெளியேறும். கார்போனிக் அன்ஹைட்ரேஸ்-9 என்ற நொதி செல்லுக்கு வெளியே கார்பன் டை ஆக்சைடை பைகார்பனேட்டாகவும் அமிலமாகவும் பிரிக்கிறது. பைகார்பனேட்டைச் செல் உள்ளே இழுத்துக்கொள்ளும். கடைசியில் செல்லின் உட்புறம் சரியான காரத்தன்மையோடு இருக்க, வெளிப்புறத்தின் பிஎச் 6.5 முதல் 6.9 வரை இறங்கிவிடும். காரத்தன்மையுள்ள உணவு, கார நீர் என்று விற்கிறவர்கள் இந்த அமிலத்தைத்தான் காட்டி விற்கிறார்கள். இந்த அமிலம் கட்டிக்குள் உருவாவது. இரத்தத்தின் பிஎச்சை நுரையீரலும் சிறுநீரகமும் 7.4-ல் பிடித்து வைத்திருப்பதால், சாப்பாட்டை மாற்றி அதைத் தொட முடியாது.

மைட்டோகாண்ட்ரியாவுக்குள்ளும் மாற்றங்கள் நடக்கின்றன. சைட்டோகுரோம் ஆக்சிடேஸின் ஒரு துணை அலகைக் கழற்றி, குறைந்த ஆக்சிஜனில் திறமையாக ஓடும் வேறொன்றை ஹிஃப்-1 பொருத்துகிறது. பிஎன்ஐபி-3 புரதம் மைட்டோகாண்ட்ரியாக்களில் ஒரு பகுதியைச் செல் தானே தின்று தீர்க்க வழிசெய்கிறது.

ஆக்சிஜன் போதுமான அளவு இருக்கும்போதே ஏன் இவ்வளவு ஏற்பாடு? ஹிஃப்-1 இல்லாத எலிக் கருச் செல்களை 1% ஆக்சிஜனில் வைத்தால் அவை சாகின்றன. ஏடிபி பஞ்சத்தால் சாகவில்லை. ஏடிபி அவற்றில் நன்றாகவே இருந்தது. எலக்ட்ரான் சங்கிலியில் ஓட்டம் தடுமாறி, வினைமிகு ஆக்சிஜன் மூலக்கூறுகள் பெருகிச் சாகின்றன. பிடிகே-1-ஐ மட்டும் திருப்பிக் கொடுத்தால் பிழைத்துக்கொள்கின்றன. ஆகவே மதகை இறக்குவது பாதுகாப்புக்காக. 'மைட்டோகாண்ட்ரியா கெட்டுப்போனதால்தான் புற்றுநோய்' என்று 1920-களில் எலிக் கட்டிச் சீவல்களை அளந்த ஓட்டோ வார்பர்க் பின்னாளில் வாதிட்டார். அளவீடு சரி, விளக்கம் பெரும்பாலான கட்டிகளுக்குப் பொருந்தாது: பூட்டைத் திறந்தால் மைட்டோகாண்ட்ரியா ஓடுகிறது.

எரிபொருளைவிடப் பெரிய பிரச்சினை: கட்டுமானப் பொருள்

பிரிந்து பெருகும் செல்லுக்குக் கொழுப்பு வேண்டும், டிஎன்ஏவைக் கட்ட நியூக்ளியோடைடுகள் வேண்டும். இங்கேதான் ஆக்சிஜன் குறைவு உண்மையிலேயே உறைக்கிறது.

கொழுப்பு செய்ய அசிட்டைல் கோஏ தேவை. வாசல் மூடியதால் குளுக்கோஸிலிருந்து அது வராது. செல் குளூட்டமின் என்ற அமினோ அமிலத்தை எடுத்து ஆல்ஃபா கீட்டோகுளூட்டரேட்டாக்கி, சிட்ரிக் அமிலச் சுழற்சியின் ஒரு பகுதியைப் பின்னோக்கி ஓட்டிச் சிட்ரேட்டாக்குகிறது. அந்தச் சிட்ரேட்டிலிருந்து அசிட்டைல் கோஏ கிடைக்கும். ஐசோசிட்ரேட் டிஹைட்ரோஜினேஸ் வழியாக நடக்கும் இந்தப் பின்னோட்டம் 2011, 2012-ல் பல குழுக்களால் ஒரே சமயத்தில் தெளிவானது. அசிட்டேட்டை நேரடியாக எடுத்துக்கொள்வது இன்னொரு வழி.

கொழுப்பு அமிலம் கிடைத்தாலும் வேலை முடியவில்லை. அதில் ஒரு இரட்டைப் பிணைப்பு போடுவதற்கு ஒரு ஆக்சிஜன் மூலக்கூறு செலவாகும். ஒரு கொலஸ்டிரால் மூலக்கூறு செய்ய 11 ஆக்சிஜன் மூலக்கூறுகள் வேண்டும். இதற்கு எந்த மாற்று வழியும் இல்லை. ஆகவே ஹைப்பாக்சியாவில் இருக்கும் செல் நிறைவுறாக் கொழுப்பை வெளியிலிருந்து வாங்கியே ஆக வேண்டும். கொழுப்பு நீக்கிய சீரத்தில் வளர்த்தால் சாதாரண ஆக்சிஜனில் சமாளிக்கும் செல், 1%-க்குக் கீழே திணறிப்போவது இதனால்தான்.

மூன்றாவது முட்டுக்கட்டை அஸ்பார்டேட் என்ற அமினோ அமிலம். நியூக்ளியோடைடு செய்ய அது வேண்டும். அதைச் செய்ய என்ஏடி வேண்டும். என்ஏடி திரும்பக் கிடைக்க எலக்ட்ரானை வாங்கிக்கொள்ள யாராவது வேண்டும். சாதாரணமாக அந்த வேலையைச் செய்வது ஆக்சிஜன். மூச்சுச் சங்கிலியைத் தடுத்தால் பெருகுவது நிற்பதற்கு ஏடிபி குறைவைவிட அஸ்பார்டேட் குறைவே முதன்மைக் காரணம் என்று 2015-ல் வந்த ஆய்வுகள் காட்டின. ஊடகத்தில் பைருவேட் சேர்த்தால் அது எலக்ட்ரானை வாங்கிக்கொள்ளும். செல் மீண்டும் பெருகும். ஆய்வகத்தில் பலர் கவனிக்காமல் விடுவது இதை: டிஎம்இஎம் ஊடகத்தின் பல வகைகளில் 1 மில்லிமோலார் பைருவேட் இருக்கிறது, வழக்கமான ஆர்பிஎம்ஐ-1640-ல் இல்லை. ஒரே செல், ஒரே 1% ஆக்சிஜன், இரண்டு ஊடகம் என்றால் இரண்டு விடை வரும்.

ஆய்வகத்தில் எங்கே சறுக்குகிறது

சாதாரண இன்குபேட்டரை '21%' என்று எழுதுவது பழக்கம். நீராவியும் 5% கார்பன் டை ஆக்சைடும் இடம் பிடித்துக்கொள்வதால் கடல் மட்டத்தில் உண்மையான அளவு 18.6% தான். இது சின்னப் பிழை. பெரிய பிழை, இன்குபேட்டரின் திரையில் தெரியும் எண்ணைச் செல்லுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் என்று நம்புவது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 6 குழித் தட்டில் ஒரு குழியின் பரப்பு 9.5 சதுர செ.மீ.; 2 மி.லி. ஊற்றினால் ஆழம் 2 மி.மீ.க்குச் சற்று அதிகம். ஊடகத்தில் ஆக்சிஜனின் பரவல் எண் நொடிக்கு சுமார் 0.000027 சதுர செ.மீ. மேலே 1% இருக்கும்போது, அடியில் ஆக்சிஜன் சுத்தமாகத் தீர்ந்துபோனாலும்கூட, ஒரு சதுர செ.மீ.க்கு நொடிக்கு 1.35 பிகோமோலுக்கு மேல் கீழே இறங்க முடியாது. ஒரு செல் நொடிக்கு 50 அட்டோமோல் செலவழிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பல புற்றுநோய்ச் செல்களுக்கு இது நடுத்தரமான அளவு. சதுர செ.மீ.க்கு 1 லட்சம் செல்கள் இருந்தால் தேவை 5 பிகோமோல். வருவதைப்போல் நாலு மடங்குக்குக் கிட்டே. திரையில் 1%, செல்லின் மேல் கிட்டத்தட்ட பூஜ்யம். தட்டில் செல் பாதி நிறைந்திருக்கும்போது ஒரு விடையும் முழுதாக நிறைந்தபின் வேறு விடையும் வருவது இதனால்தான். மூச்சைக் குறைக்கும் மருந்தைச் சேர்த்தால் செல்லுக்கு அருகில் ஆக்சிஜன் ஏறி ஹிஃப் காணாமல் போகும். 'இந்த மருந்து ஹிஃப்-ஐத் தடுக்கிறது' என்று எழுதுமுன் இதை நீக்கிப் பார்த்தாக வேண்டும்.

எனவே செல் அடர்த்தியையும் ஊடகத்தின் ஆழத்தையும் எல்லாக் குழிகளிலும் ஒன்றாக வையுங்கள். இரண்டையும் குறிப்பேட்டில் எழுதுங்கள். முடிந்தால் குழியின் அடியில் ஒட்டும் ஒளி உணரி வில்லையால் அளந்து பாருங்கள். அடியில் வாயு ஊடுருவும் படலம் உள்ள தட்டுகள் இந்தச் சிக்கலைப் பெருமளவு தீர்க்கும்.

மூடிவைக்கும் சிறு அறை வகைப் பெட்டி பயன்படுத்தினால், 1% ஆக்சிஜன், 5% கார்பன் டை ஆக்சைடு, மீதி நைட்ரஜன் கலந்த வாயுவை நிமிடத்துக்கு 20 லிட்டர் வேகத்தில் 4 அல்லது 5 நிமிடம் செலுத்திக் கவ்வியைப் பூட்டுவார்கள். அதோடு விடக்கூடாது. ஊடகத்திலும் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கிலும் கரைந்திருக்கும் ஆக்சிஜன் மெல்ல வெளியே வரும். ஒரு மணி நேரம் கழித்து இன்னொரு முறை செலுத்துங்கள். உள்ளே ஒரு தட்டில் கிருமி நீக்கிய தண்ணீர் வைக்க மறந்தால் ஊடகம் சுண்டி உப்பு கூடும். அசையாமல் இருக்கும் ஊடகம் சமநிலைக்கு வரச் சில மணி நேரம் ஆகும் என்பதால், '2 மணி நேர ஹைப்பாக்சியா' சோதனைக்கு ஊடகத்தை முந்தின இரவே அகலமான தட்டில் ஊற்றிப் பெட்டிக்குள் வைத்துச் சமப்படுத்தியிருக்க வேண்டும்.

நைட்ரஜனால் ஆக்சிஜனைக் குறைக்கும் இன்குபேட்டரில் கதவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் வாயு போய்விடும். வார இறுதியில் சிலிண்டர் தீர்ந்தால் திங்கட்கிழமை கிடைப்பது சாதாரண ஆக்சிஜனில் வளர்ந்த செல். இரண்டு சிலிண்டர்களைத் தானாக மாறும் வால்வோடு இணைப்பதே வழி. சிறிய, மூடிய அறையில் நைட்ரஜன் கசிந்தால் வாசனை வராது, மூச்சு முட்டும் உணர்வும் வராது. ஆள் மயங்கி விழுவார். அறைச் சுவரில் ஆக்சிஜன் அலாரம் இல்லாமல் இந்த இன்குபேட்டரை நிறுவக் கூடாது.

புரதத்தை ஜெல்லில் பிரித்து ஆன்டிபாடியால் கண்டுபிடிக்கும் வெஸ்டர்ன் பிளாட்டில் ஹிஃப்-1 ஆல்ஃபா தெரியவில்லை என்று பல மாணவர்கள் ஆன்டிபாடியைக் குறை சொல்வார்கள். அரை ஆயுள் 5 நிமிடம் என்பதை நினைவில் வைத்தால் காரணம் விளங்கும். தட்டை வெளியே எடுத்து, மேசைக்குக் கொண்டுபோய், சாதாரண பிபிஎஸ் உப்புக் கரைசலில் இரண்டு முறை கழுவுவதற்குள் பாதிக்குமேல் போய்விடும். சுவரில் பொருத்திய கையுறை வழியே வேலை செய்யும் ஹைப்பாக்சியாப் பெட்டிக்குள்ளேயே, எஸ்டிஎஸ் சலவைப்பொருள் கலந்த மாதிரித் தாங்கலைச் சூடாக நேரே ஊற்றிச் சுரண்டி எடுங்கள். அந்த வசதி இல்லையென்றால் தட்டை உடனே பனிக்கட்டி மேல் வைத்து, ஒரு நிமிடத்துக்குள் முடியுங்கள். அமினோ அமிலக் கணக்கில் 93 கிலோடால்டன் என்றாலும் ஜெல்லில் 110 முதல் 120-க்குள் ஓடும். 93-ல் தெரியும் கோட்டை நம்பாதீர்கள். இரும்பைப் பிடித்துக்கொண்டு ஹிஃப்-ஐ ஏற்றும் டெஸ்ஃபெரிஆக்சமைன் 100 மைக்ரோமோலார் கொடுத்த செல்லை ஒப்பீட்டுக்கு வையுங்கள். பல செல்களில் ஹிஃப்-1 ஆல்ஃபா 4 முதல் 8 மணி நேரத்தில் உச்சம் தொட்டுப் பிறகு இறங்கும். 48 மணி நேரம் கழித்துப் பார்த்துவிட்டு 'ஹிஃப் இல்லை' என்று முடிவு கட்டக் கூடாது. கார்போனிக் அன்ஹைட்ரேஸ்-9 இதற்கு நேர்மாறு: ஒருமுறை உருவானால் நாள்கணக்கில் நிற்கும். அது தெரிந்தால் செல் என்றோ ஹைப்பாக்சியாவில் இருந்தது என்று பொருள். இப்போது இருக்கிறது என்று பொருளல்ல.

கோபால்ட் குளோரைடு, டெஸ்ஃபெரிஆக்சமைன், டிஎம்ஓஜி ஆகிய வேதிப்பொருள்கள் ஹைட்ராக்சிலேஸைத் தடுத்து ஹிஃப்-ஐ ஏற்றும். இவற்றை 'ஹைப்பாக்சியா' என்று அழைப்பதை ஏற்க முடியாது. ஆக்சிஜன் அங்கேயே இருக்கிறது: கொலஸ்டிரால் உருவாகும், இரட்டைப் பிணைப்பு விழும், எலக்ட்ரானை வாங்க ஆளிருக்கும். டிஎம்ஓஜியோ மைட்டோகாண்ட்ரியாவின் மூச்சையே நேரடியாகக் குறைக்கக்கூடியது. வேதிமாற்றத்தை அளக்கிற சோதனையில் இவற்றுக்கு இடமில்லை.

குளுக்கோஸ் கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும். 10 லட்சம் செல்கள் ஹைப்பாக்சியாவில் மணிக்கு 0.4 மைக்ரோமோல் குளுக்கோஸ் தின்றால், இரத்த அளவான 5.5 மில்லிமோலாரில் 2 மி.லி. ஊடகம் 27 மணி நேரத்தில் காலி. அதன்பின் நீங்கள் அளப்பது பட்டினி. 25 மில்லிமோலார் டிஎம்இஎம்மில் தீராது. ஆனால் அத்தனையும் லாக்டேட்டானால் 50 மில்லிமோலார் அமிலம், அதைத் தாங்க ஊடகத்தில் இருப்பது 44 மில்லிமோலார் பைகார்பனேட். அமிலத்தைக் காட்டும் ஃபீனால் சிவப்புச் சாயம் மஞ்சளாகிவிட்டால் அந்தத் தட்டின் விடையில் அமிலத்தின் பங்கும் கலந்திருக்கிறது. 24 மணி நேரத்துக்கு மேல் போகும் சோதனையில், சமப்படுத்தி வைத்த ஊடகத்தைப் பெட்டிக்குள்ளேயே மாற்றுங்கள்.

உயிரோடிருக்கும் செல்லை எண்ண எம்டிடி சாயம் வேண்டாம். அந்தச் சாயத்தைக் குறைப்பது என்ஏடிஎச் போன்றவை. ஹைப்பாக்சியா மாற்றுவதே அவற்றைத்தான். ரெசசுரின் சாயத்துக்கும் இதே குறை உண்டு. செல்லை நேரடியாக எண்ணுங்கள், அல்லது டிஎன்ஏ சாயத்தால் அளவிடுங்கள்.

கனமான கார்பன்-13 அணுவால் குறியிட்ட குளூட்டமினைக் கொண்டு பின்னோட்டத்தைத் தேடுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஐந்து கார்பனும் குறியிட்ட குளூட்டமின் முன்னோக்கிப் போனால் சிட்ரேட் எம்+4 (நான்கு கார்பனில் குறி) ஆகவும், பின்னோக்கிப் போனால் எம்+5 (ஐந்தில் குறி) ஆகவும் வரும். ஹைப்பாக்சியாவில் எம்+5 விழுக்காடு ஏறுவதைப் பார்த்ததும் 'பின்னோட்டம் பெருகியது' என்று எழுதிவிடத் தோன்றும். ஐசோசிட்ரேட் டிஹைட்ரோஜினேஸ் இரு திசையிலும் ஓடும் நொதி. நிகர ஓட்டம் இல்லாமலே குறி இடம் மாறும். முன்னோட்டம் குறைந்து மொத்தச் சிட்ரேட்டும் சுருங்கினால், பின்னோட்டம் மாறாமலே விழுக்காடு ஏறும். சிட்ரேட்டின் மொத்த அளவையும், கொழுப்பு அமிலத்தில் குறி போய்ச் சேர்ந்ததா என்பதையும் அளக்காமல் அந்த வாக்கியத்தை எழுத வேண்டாம்.

மருத்துவமனையில்

கதிர்வீச்சு டிஎன்ஏவை உடைக்கும்போது ஆக்சிஜன் அந்த உடைப்பை நிலைப்படுத்துகிறது. ஆக்சிஜன் இல்லாத செல்லைக் கொல்ல 2.5 முதல் 3 மடங்கு அதிகக் கதிர்வீச்சு வேண்டும். டென்மார்க்கில் தலை, கழுத்துப் புற்றுக்குக் கதிர்வீச்சோடு நிமோரசோல் என்ற மருந்தைக் கொடுப்பது இதற்காகத்தான். ஆக்சிஜன் செய்யும் வேலையை அது பாதி ஏற்றுக்கொள்கிறது. ஹிஃப்-1-இன் உறவான ஹிஃப்-2-ஐ நேரடியாகத் தடுக்கும் பெல்சுடிஃபான் என்ற மருந்து 2021-ல் அமெரிக்காவில், வி.எச்.எல். மரபணு பிறவியிலேயே கெட்டிருக்கும் வி.எச்.எல். நோய்க்கு அனுமதி பெற்றது. ஹைப்பாக்சியாவில் மட்டும் விழித்தெழுந்து கொல்லும்படி வடிவமைத்த எவோஃபாஸ்ஃபமைடு என்ற மருந்து பெரிய சோதனைகளில் தோற்றது.

ஆக்சிஜன் தண்ணீர், ஓசோன் என்று பணம் பிடுங்கும் கடைகளும் இருக்கின்றன. நுரையீரல் நலமாக இருப்பவரின் ஹீமோகுளோபின் ஏற்கெனவே 97, 98% ஆக்சிஜனால் நிறைந்திருக்கிறது; சிக்கல் குழாயிலிருந்து செல்வரை உள்ள கடைசி 150 மைக்ரானில். சர்க்கரையை அடியோடு நிறுத்தினாலும் கல்லீரல் குளுக்கோஸைத் தயாரித்து இரத்த அளவைக் காக்கும். மெலிவது நோயாளிதான். புகை மட்டும் உண்மையிலேயே கணக்கை மாற்றும். பீடி, சிகரெட்டின் கார்பன் மோனாக்சைடு ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொண்டு ஆக்சிஜனை இறக்கவிடாது. தலை, கழுத்துப் புற்றுக்குக் கதிர்வீச்சு எடுக்கும் நாள்களில் தொடர்ந்து புகைத்தவர்களுக்குச் சிகிச்சை குறைவாகவே பலித்தது என்று 1993-லேயே பதிவாகியிருக்கிறது. சிகிச்சை தொடங்கும் நாளில் நிறுத்தினாலும் பயனுண்டு என்று நோயாளியிடமும் வீட்டாரிடமும் அழுத்திச் சொல்ல வேண்டும்.

வரத்தைக் கூட்டுவதைவிடச் செலவைக் குறைப்பது அதிகப் பலன் தரும் என்பது மேலே போட்ட கணக்கிலேயே தெரியும். மலேரியாவுக்குக் கொடுக்கும் அட்டோவகோன் மைட்டோகாண்ட்ரியாவின் மூச்சுச் சங்கிலியை மூன்றாம் கூட்டமைப்பில் தடுக்கும். ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் நுரையீரல் புற்றுநோயாளிகளுக்கு அறுவைக்கு முன் அதைக் கொடுத்து ஸ்கேன் எடுத்ததில் கட்டிக்குள் ஹைப்பாக்சியப் பகுதி சுருங்கியது. ஆயுளை அளந்த ஆய்வு அல்ல அது. குழாயை ஒட்டியிருக்கும் செல்கள் குறைவாக மூச்சுவிட்டால் மிச்சமாகும் ஆக்சிஜன் உள்வரிசைச் செல்களுக்கு எட்டும், எட்டினால் கதிர்வீச்சு அவற்றையும் கொல்லும் என்ற எதிர்பார்ப்பில் இப்படிப்பட்ட மருந்துகளைக் கதிர்வீச்சோடு சேர்த்துச் சோதித்துவருகிறார்கள்.